போணி ஆகாத நோட்டு

என் மேஜை டிராயரில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே 41 பெயர்கள். ஆபீஸ் கேன்டீன் நடத்துபவர்கள், சின்னச் சின்ன கஃபேக்கள், கல்யாண கேட்டரிங்காரர்கள், ஐ.ஐ.டி. பக்கம் ஒரு மெஸ். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போன் நம்பர், நம்பருக்கு எதிரே 'என்ன சொன்னார்' என்று ஒரு கட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்பைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். 2023 ஆகஸ்டில் எழுதியது. அடுத்த பிப்ரவரி வரை அந்தக் கடைசிக் கட்டங்களில் ஒரு எழுத்துகூட ஏறவில்லை.

தில்லியில் பாலம் என்ற ஏரியாவில் ஒரு சந்தில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் சின்ன யூனிட் என்னுடையது. ஐந்து கிலோ ரோஸ்டர் ஒன்று, அரவை மெஷின் ஒன்று, பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷின் ஒன்று, உதவிக்கு ஒரு பையன். அதற்கு முன் 11 வருஷம் பள்ளிக்கூட டீச்சர். துவாரகா, பாலம் பக்கம் தெரிந்த வீடுகளுக்கு அரை கிலோ, ஒரு கிலோ என்று மாதம் 45 கிலோ போய்க்கொண்டிருந்தது. வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எல்லாம் கட்டுப்படியாக 120 கிலோவாவது போக வேண்டும். மீதி 75 கிலோ அந்த நோட்டில்தான் இருந்தது. எனக்கும் அது தெரியும்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆறு மாதத்தில் நான் சும்மா உட்கார்ந்த நாள் கிடையாது. லேபிளை மூன்று தடவை மாற்றினேன். முதலில் டவரா டம்ளர் படம். எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று தோன்றியதும் காபிச்செடி. "என்னம்மா, மல்லிப்பூ பாக்கெட் மாதிரி இருக்கு" என்றாள் என் பெண். (காபிப் பூ அப்படித்தான் இருக்கும். வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.) கடைசியில் வெறும் எழுத்து. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டினேன். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்குக்காக ஒரே பாக்கெட்டைக் காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் போட்டோ எடுத்தேன். எக்ஸலில் ஒரு விலைப்பட்டியல்: 80க்கு 20, 70க்கு 30, 60க்கு 40, ஒவ்வொன்றுக்கும் நாலு அளவு. சிக்கரி கலந்த காபியில் நூற்றுக்கு 51 பங்காவது காபி இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எல்லைக்குப் பக்கம் வரை இறங்கி 55க்கு 45 கலவைக்கும் விலை போட்டு வைத்தேன். அப்படி ஒரு காபியை நான் விற்கவே மாட்டேன். இருந்தாலும் பட்டியல் முழுசாக இருக்க வேண்டுமே.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கால் வலிக்கும். இதில் இருக்கிற சூதே அந்தக் களைப்புதான். நாள் முழுக்க உழைத்த உடம்பைப் பார்த்து 'நீ இன்றைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை' என்று யார் சொல்லிவிட முடியும்?

தள்ளிப்போடுவதற்கு தில்லித் தமிழருக்கு இன்னொரு வசதி உண்டு. நமக்கு இரண்டு பஞ்சாங்கம். ஆகஸ்டில் நோட்டு எழுதியபோது, ஆடி முடியட்டும் என்றேன். ஆவணி பிறந்தது. செப்டம்பர் 8, 9, 10 மூன்று நாள் ஜி-20 மாநாட்டுக்காக ஊரையே மூடினார்கள். எனக்கு அது இரண்டு வாரச் சாக்கு. மாதக் கடைசியில் இங்கத்து ஜனங்களுக்கு ஷ்ராத் தொடங்கியது, பித்ரு பட்சத்தில் புதுசாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், நான் எதற்குப் போய் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டும்? அப்புறம் நவராத்திரி. அப்புறம் தில்லியின் தேசிய மந்திரம்: 'திவாலி கே பாத்'. தீபாவளிக்கு அப்புறம். இந்த ஊரில் பெயின்ட் அடிப்பவர், பிளம்பர், பாங்க் மேனேஜர், எல்லோருக்கும் வாயில் வரும் வார்த்தை. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நான் யாரையும் கேட்கவில்லையே. அவர்கள் சார்பில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தீபாவளி போனது, ஊரைப் புகை மூடியது. புகை விலகினால் கல்யாண சீசன், கேட்டரிங்காரர்கள் பிஸியாக இருப்பார்கள். டிசம்பர் நடுவில் நமக்கு மார்கழி, அதே நாட்களில் அவர்களுக்கு நல்ல காரியம் ஆகாத கர்மாஸ். இரண்டு பஞ்சாங்கமும் கைகோத்துக்கொண்டு எனக்கு லீவு விட்டன.

இதற்கிடையில் குளிர் வந்து போய்விட்டது. தில்லியில் காபி வியாபாரம் என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரைதான். சூடாக எதையாவது கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றும் நாலு மாதம். அந்த நாலு மாதத்தையும் நான் லேபிள் ஒட்டிக் கழித்தேன்.

எதற்குப் பயம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மறுத்துவிடுவார்களே என்பதா? வகுப்பில் 40 பிள்ளைகள் கத்துவதைக் கேட்டவளுக்கு ஒருத்தர் 'வேண்டாம்' என்பது பெரிய விஷயம் இல்லை. விஷயம் வேறு. எங்கள் அப்பா 1969-ல் ஸ்டெனோவாக ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர். ஹையர் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், யூ.பி.எஸ்.ஸி. கடிதம், ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ். இந்த ஊருக்கு வந்த தமிழர்களில் பாதிப்பேர் கதை இதுதான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் ஆரம்பம் 1923. சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த தென்னிந்தியர்களின் பிள்ளைகள் படிக்கத்தான் அது உண்டானது. நாங்கள் சம்பளக்கார சாதி. ஒன்றாம் தேதி பணம் தானாக வரும். அதைக் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் வருவதுதான் மரியாதை.

அப்பா எங்களுக்குச் சொல்லி வளர்த்த ஒரே விதி: "யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாது." ஸ்கூல் அட்மிஷனுக்கு எம்.பி. கோட்டாவில் கடிதம் கேட்கலாம் என்றால், "அவன்கிட்ட போய் நிக்கறதா?" மாமாவிடம் கைமாற்று கேட்கலாம் என்றால், "போய் நிக்கறதா?" தமிழில் இந்த 'போய் நிற்பது' என்பதற்குள் எவ்வளவு அவமானம் இருக்கிறது பாருங்கள். கால் கடுக்க நிற்பது மட்டுமில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. வள்ளுவர் சோம்பலுக்கு மடியின்மை என்று 61-வது அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். பிறரிடம் கையேந்த அஞ்சுவதற்கு இரவச்சம் என்று 107. என்னைத் திருத்திக்கொள்ள நான் மறுபடி மறுபடி 61-ஐப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் வியாதி 107-ல் இருந்தது. அதுவோ வியாதி என்று சொல்லக்கூடியதல்ல, நல்ல குணம். அதனால்தான் அதைச் சந்தேகப்படவே தோன்றவில்லை.

கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் டிமதி பிச்சில் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். தள்ளிப்போடுவதைப் பற்றியே ஆயுசு முழுக்க ஆராய்ந்தவர். ஃபூஷியா சிரோய் என்பவரோடு சேர்ந்து 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் சொல்வதன் சாரம் இது: நேரத்தைத் திட்டமிடத் தெரியாததால் யாரும் தள்ளிப்போடுவதில்லை, அந்த வேலையை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது, அந்தப் பிசைச்சல் உடனே நிற்க வேண்டும், அதற்காகத் தள்ளுகிறோம். படித்தபோது எனக்கு லேபிள் ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு தடவை டிராயரைத் திறந்து நோட்டைப் பார்த்ததும் மூடிவிட்டு, லேபிளில் எழுத்துருவை மாற்றினால் வயிறு சமாதானம் ஆகிவிடும். டைம் டேபிள் போட்டு ஒட்டியதெல்லாம் (ஆமாம், அதையும் செய்தேன், நாலு கலரில்) வேறு வியாதிக்கான மாத்திரை.

விற்பனைக்காரர்களின் இந்தத் தயக்கத்தை மட்டும் தனியாகப் படித்த இரண்டு அமெரிக்கர்கள் உண்டு, ஜார்ஜ் டட்லி, ஷானன் குட்சன். அவர்கள் தயக்கத்தில் ரகம் பிரித்திருக்கிறார்கள். தயாராகிக்கொண்டே இருப்பவர் ஒரு ரகம். விற்பவர் என்ற பெயரே கேவலம் என்று உள்ளூர நினைப்பவர் ஒரு ரகம். சிநேகிதர்களிடம் மட்டும் விற்க வாய் வராதவர் ஒரு ரகம். ரயில்வே சார்ட்டில் பெயர் தேடுவதுபோல் பார்த்தால் மூன்று இடத்தில் என் பெயர் இருந்தது.

ஆனால் படித்ததால் எதுவும் நடக்கவில்லை. படிப்பதும் ஒரு லேபிள் வேலைதானே.

எங்கள் சந்தில் பக்கத்துக் கடை ஹார்டுவேர். குழாய், வால்வு, ஆணி, சிமென்ட் டப்பா. நடத்துகிறவர் அறுபது வயசு பஞ்சாபி. காலையில் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி காட்டிவிட்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். முதலில் வருகிறவர் ஒரு வாஷர் கேட்டாலும் சரி, வெறும் கையோடு அனுப்ப மாட்டார். ஐந்து ரூபாய் சாமானுக்கு மூன்று ரூபாய் கொடுத்தாலும் வாங்கி, அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார். "போஹ்னி கா டைம் ஹை." நம் போணிதான். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போனது என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். கோயம்பேட்டிலும் பாலத்திலும் முதல் வியாபாரத்துக்கு ஒரே பெயர் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவர்தான் ஒருநாள் என் ஷட்டர் பக்கம் வந்து நின்றார். "மேடம்ஜி, உங்க கடையிலேர்ந்து சத்தம் வருது, வாசனை வருது. ஆள் வந்து பாத்ததே இல்லையே. காபி விக்கறீங்களா, ஸ்டிக்கர் அடிக்கறீங்களா?"

கோபமாக வந்தது. மாலை வரைக்கும் கோபமாகவே இருந்தது. பிறகு யோசித்தேன், இந்த மனிதர் தினம் காலையில் வாசலில் நின்று ரோட்டில் போகிறவனை "ஆயியே ஜி" என்று கூப்பிடுகிறாரே, அவர் யாரிடமாவது கையேந்துவதாக எனக்கு ஒருநாளாவது தோன்றியிருக்கிறதா? இல்லை. குழாய் ஒழுகுகிறவன் வருகிறான், இவரிடம் வாஷர் இருக்கிறது. அவர் நிற்பதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. நான் நிற்பதாக நினைத்தால் மட்டும் ஏன் கூசுகிறது?

கரோல் பாக் போகும்போதெல்லாம் அஜ்மல் கான் ரோட்டில் எனக்கு எம்.டி.எச். மசாலாக் கிழவர் ஞாபகம் வரும். டர்பனும் மீசையுமாக டி.வி. விளம்பரத்தில் வருவாரே, மகாஷய் தர்மபால் குலாட்டி. 1923-ல் சியால்கோட்டில் பிறந்தவர். பிரிவினையில் எல்லாம் போய் 1947-ல் தில்லிக்கு வந்து, கையிலிருந்த பணத்தில் 650 ரூபாய்க்கு ஒரு டாங்கா வாங்கி ஸ்டேஷன் பக்கம் சவாரி ஏற்றினார். அது ஒத்துவராமல் வண்டியை விற்றுவிட்டு, 1948-ல் அஜ்மல் கான் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் விற்க உட்கார்ந்தார். 1959-ல் கீர்த்தி நகரில் பாக்டரி. 2019-ல் பத்மபூஷண். 2020 டிசம்பரில் போய்ச் சேரும்வரை பாக்கெட்டில் அவர் முகம்தான். எனக்கு இதில் பிடித்தது பாக்டரி அல்ல, அந்த டாங்கா. சியால்கோட்டில் அப்பாவுக்கு மசாலாக் கடை இருந்த வீட்டுப் பிள்ளை, தெரியாத ஊரில் ரோட்டில் நின்று சவாரிக்கு ஆள் கூப்பிட்ட அந்த முதல் நாள். அதற்கப்புறம் மிளகாய்த்தூள் விற்க அவருக்கு என்ன கூச்சம் மிச்சம் இருந்திருக்கும்?

அதைவிட, நான் விற்கும் சரக்கே தில்லிக்கு எப்படி வந்தது? உலகமே மந்தத்தில் இருந்த முப்பதுகளில் ஏற்றுமதி படுத்து, தோட்டக்காரர்கள் கையில் காபிக்கொட்டை தேங்கியது. 1935-ல் சட்டம் போட்டு காபி செஸ் கமிட்டி அமைத்தார்கள். வேலை: இந்தியர்களைக் காபி குடிக்க வைப்பது. 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறந்தது. ஐம்பதுகளில் காபி போர்டு இந்தக் கடைகளை மூடத் தொடங்கி, பரிமாறும் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவாகச் சேர்த்தார். வேலை போன அந்தப் பரிமாறுபவர்கள் 1957 அக்டோபர் 27-ல் தில்லியில் திறந்ததுதான் இந்தியன் காபி ஹவுஸ் கூட்டுறவின் முதல் கடை. இன்றைக்கும் கன்னாட் பிளேஸ் பக்கம் மோகன் சிங் பிளேஸ் மாடியில் குரங்குகளோடு சேர்ந்து உட்கார்ந்து குடிக்கலாம். லோதி காலனி கன்னா மார்க்கெட்டில் தேவன்ஸ் 1962-லிருந்து காபி வறுக்கிறார்கள், சின்ன வயசில் அப்பா சைக்கிளில் அங்கே கூட்டிப்போவார், வாசனை ரோடு வரைக்கும் வரும். டீ ஊரில் காபி தானாக முளைக்கவில்லை. யாரோ போய் நின்றிருக்கிறார்கள்.

சரி, அந்த முதல் போன். 2024 பிப்ரவரி. வியட்நாமில் விளைச்சல் குறைந்து ரோபஸ்டா விலை ஏறிக்கொண்டே போன சமயம். பச்சைக் கொட்டைக்கு வந்த பில்லைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது, இந்தத் தடவை நோட்டுக்காக இல்லை. ஒரு பயத்தை இன்னொரு பெரிய பயம்தான் தள்ளுமோ என்னவோ. காலை பத்து மணி. வரிசையில் 17-வது பெயரை எடுத்தேன், காரணம் ஒன்றும் இல்லை. கையில் எழுதி வைத்திருந்த வசனம் போன் எடுத்ததும் மறந்தது. "நமஸ்தே, நான் காபி பவுடர் பண்றேன், சாம்பிள் கொண்டுவரட்டுமா?" என்று மட்டும் வந்தது. "பேஜ் தீஜியே", அனுப்புங்கள் என்று வைத்துவிட்டார். நாற்பது செகண்ட். ஆறு மாதமாகத் தூக்கிச் சுமந்தது நாற்பது செகண்ட் கனம்.

இரண்டாவது ஆள் வேண்டாம் என்றார். மூன்றாவது எடுக்கவில்லை. நாலாவது ஒரு கேன்டீன்காரர், நம்ம ஊர்க்காரர். மதுரைப் பக்கம். பேசியதைக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "என்னக்கா நீங்க. எனக்கு பவுடர் குடுத்துட்டிருந்தவர் அக்டோபர்ல கடையை ஏறக்கட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. ரெண்டு மாசமா ஆள் தேடினேன். தெரிஞ்சவங்க எல்லாரையும் கேட்டேன். இப்ப ஜனவரியில ஒருத்தரைப் பிடிச்சு ஒரு வருஷத்துக்கு ரேட் பேசி முடிச்சாச்சு." மாசம் எவ்வளவு என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். முப்பது கிலோ.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் ரோஸ்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான் மரியாதையாக ஒதுங்கி நின்ற அந்த அக்டோபரிலும் நவம்பரிலும் அந்த மனுஷன் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. இப்போதும் பத்து மணிக்கு வயிறு பிசையும். செய்ததெல்லாம் ஒன்றுதான்: செவ்வாய், வியாழன் இரண்டு நாள் காலையில் யூனிட்டுக்குப் போவதில்லை. போனால் லேபிள் கண்ணில் படும். வீட்டிலிருந்து நேராக பாலம் ஸ்டேஷன், மெஜந்தா லைன். முனிர்க்கா, ஆர்.கே. புரம், ஐ.ஐ.டி., ஹௌஸ் காஸ் என்று ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேஷன். பையில் இரண்டு பிளாஸ்க். ஒன்றில் டிகாஷன், ஒன்றில் பால். விலைப்பட்டியலைக் காட்டினால் தலையைக்கூட நிமிர்த்தாத சமையல் மாஸ்டர், பிளாஸ்க் மூடியைத் திறந்ததும் நிமிர்கிறார். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கடலூரில் 15,000 ரூபாயோடு 1983-ல் சிக் ஷாம்பு ஆரம்பித்த சி.கே. ரங்கநாதன் கிராமம் கிராமமாக ஆள் அனுப்பி, பையன்கள் தலையில் போட்டு அலசிக் காட்டித்தான் விற்றார். வாயால் ஷாம்புவை விளக்க முடியாது, காபியையும்.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவார். "கிஸ்ஸே மில்னா ஹை?" யாரைப் பார்க்க வேண்டும்? ரிஜிஸ்டரில் பெயர், நேரம், 'வந்த காரணம்' எழுத வேண்டும். முதல் தடவை அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. 'காபி' என்று எழுதினேன். செக்யூரிட்டிக்கும் அரை டம்ளர் கொடுத்தேன். அவர் பீகார், அதுவரை பில்டர் காபி குடித்ததில்லை. கசப்பு என்றார்.

வனெஸ்ஸா போன்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் பிராங்க் பிளின் என்பவரும் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு முன், எத்தனை பேரைக் கேட்டால் வேண்டிய எண்ணிக்கை தேறும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகித்ததில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கேட்டாலே காரியம் முடிந்துவிட்டதாம். மனிதர்கள் சரி என்று சொல்வதைக் குறைவாகவே எடைபோடுகிறோம். படிவம் நிரப்புவதும் மாசம் பத்து கிலோ காபி வாங்குவதும் ஒன்றில்லைதான். இருந்தாலும் நானும் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தேன்: 41 பேரில் முகத்திலடித்த மாதிரிப் பேசப் போகிறவர்கள் 20. இதுவரை 32 பேரைப் பார்த்தாயிற்று. அப்படிப் பேசியவர் ஒருத்தர். அவருக்கு அன்றைக்குப் பல்வலி. ஏழு பேர் தொடர்ந்து வாங்குகிறார்கள். மீதிப்பேரில் பெரும்பாலோர் சொன்னது 'திவாலி கே பாத்'. நிஜமாகவே இந்தத் தடவை அவர்களே சொன்னார்கள். நானும் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் கூப்பிட்டேன். அதிர்ந்துபோனார்கள்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, விலை சொல்வது. கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "கூடக்குறைய பார்த்துப் போட்டுக்கலாம்" என்று நானே சேர்த்துவிடுவேன். எதிரில் இருப்பவர் பேரம் பேச வாயே திறந்திருக்க மாட்டார். போய் நின்றதற்கு நானே கொடுத்துக்கொள்ளும் அபராதம். இப்போது விலையைச் சொன்னதும் என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிடுகிறேன். வாயில் காபி இருந்தால் பேச முடியாது.

விற்பதைவிடக் கஷ்டம் வசூல். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எழுதினால் கூச்சம் வெளியே தெரியும். ஒரு கேட்டரிங்காரர், பெயர் வேண்டாம், 38,400 ரூபாய் பாக்கி. ஏழு மாதம். நான் சரக்குக் கொடுத்த பணம், என் பணம், அதைக் கேட்க எனக்கு வெட்கம்! அவர் இருக்கும் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன், கடன் வாங்கியவள் மாதிரி. சட்டம் நம் பக்கம்தான். 2006-ம் வருஷத்து சிறு, குறு தொழில் சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்டவர் எழுத்தில் எப்படி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 43பி(எச்) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து. நம்மைப்போன்ற சின்னவர்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. புகார் செய்ய சமாதான் என்று 2017-ல் தொடங்கிய ஒரு போர்ட்டல் வேறு. எல்லாம் படித்து, ஹைலைட்டர் போட்டு, பிரின்ட் எடுத்து பைலில் வைத்தேன். மறுபடியும் லேபிள்.

கடைசியில் சட்டம் எதையும் பேசவில்லை. ஒரு வியாழக்கிழமை பில் நகலை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வரவழைத்தார். (டீ!) "மேடம், நீங்க கேக்கவே இல்லையே. உங்களுக்கு அவசரம் இல்லன்னு நினைச்சுட்டேன்." பொய்யா நிஜமா தெரியாது. அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். அங்கே அழுத பிள்ளைகள் வரிசை நீளம், நான் அந்த வரிசையிலேயே இல்லை, அவ்வளவுதான். மூன்று தவணை என்றார். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவதற்கு இரண்டு தடவை போன் போட்டாயிற்று, அடுத்த வியாழன் அவர் தெரு.

அப்பாவுக்கு இப்போது 78. சும்மா வீட்டில் இருக்க முடியாமல் காலையில் என்னோடு யூனிட்டுக்கு வந்து பாக்கெட்டுகளை எடை போடுகிறார். ஸ்டெனோ கை, அரை கிராம் பிசகாது. ஹார்டுவேர்க்காரரோடு வாசலில் உட்கார்ந்து அவருடைய ஹிந்தியில் இவரும் இவருடைய ஹிந்தியில் அவரும் பேசிக்கொள்வார்கள். போன வாரம் பிளாஸ்க் பையோடு திரும்பி வந்தேன். ஸ்டூலில் இருந்தபடியே அப்பா கேட்டார்: "என்னம்மா, போணி ஆச்சா?"

"ஆச்சுப்பா. நாலு கிலோ."

"எங்க?"

"முனிர்க்கா. முக்கால் மணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க."

ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து தராசுக்குப் போய்விட்டார்.

நோட்டில் இன்னும் ஒன்பது பெயர் பாக்கி. அதில் ஒன்பதாவது வரிசையில் இருப்பது நான் 11 வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் கேன்டீன். அங்கே பிரின்சிபால் என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் டப்பா பகிர்ந்து சாப்பிட்டவள். முன்பின் தெரியாத 32 பேரிடம் வாய் வந்தது, அவளிடம் வரவில்லை. நாளைக்கு வெள்ளி. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அதற்கு முன்னால், பத்து மணிக்கு, முதல் பீரியட் முடிந்திருக்கும்.